நானூற்றுப் பன்னிரண்டாவது திருத்தம்

அந்தப் பால் ஆலையில் சுவிட்சக்காவுக்கு நெட்வொர்க் வேலையைக் கொடுத்தது யார் என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். யாரும் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

பதினோரு வருடம் பேக்கிங் பெல்ட்டில் நின்றவர். பால் பாக்கெட் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும், கசிவதைப் பொறுக்கிப் போட வேண்டும். பெல்ட் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஏன் நின்றது என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. அக்கா கேட்டார். எடை பார்க்கும் கருவி கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்புகிறது, சேதி சுவரில் இருக்கும் ஒரு பெட்டி வழியாகப் போகிறது, பெட்டியில் விளக்கு அணைந்தால் பெல்ட் நிற்கிறது. இவ்வளவையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்துப் பிடித்தார். ரிப்பேருக்கு வரும் வெளி ஆள் நாலு மணி நேரம் கழித்து வந்து, வயரைப் பிடுங்கி மறுபடி சொருகிவிட்டு, பெரிய அறுவை சிகிச்சை முடித்தவர் மாதிரி கை கழுவிக்கொண்டு போவார். ஒரு நாள் அவர் வருவதற்குள் அக்காவே பிடுங்கிச் சொருகினார். பெல்ட் ஓடியது. மேற்பார்வையாளர் கண்டபடி திட்டினார். அடுத்த வாரம் பெல்ட் நின்றபோது அதே மேற்பார்வையாளர் அக்காவைத் தேடி ஓடி வந்தார்.

பிறகு அவர் படித்தார். சுவரில் இருந்த அந்தப் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். ஸ்டோர் ரூமில் ஓரமாகக் கிடந்த பழைய சுவிட்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் அதை வைத்துப் பழகினார். ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் கீபோர்டு. இரண்டு வருடம். பழகும் பெட்டி நிஜப் பெட்டியைப் போலவே இருக்க வேண்டும் என்று ஆலையின் சுவிட்சுகளில் இருந்த அதே குழுப் பெயரையும் அதே பாஸ்வேர்டையும் அதற்கும் போட்டார். எதையாவது உருவாக்குவார், அழிப்பார், திரும்ப உருவாக்குவார். கை பழகும்வரை விடவில்லை. கடைசியில் ஆலைக்குச் சொந்தமாக ஒரு நெட்வொர்க் ஆள் தேவைப்பட்டபோது வேறு யாரும் இல்லை. அக்கா இருந்தார். சுவிட்ச் அறையின் சாவி அவர் இடுப்புக்கு வந்தது. கூடவே பெயரும் வந்தது.

ஆலையில் மொத்தம் இருபத்து மூன்று சுவிட்சுகள். அவற்றின் வழியே பதினான்கு வீலேன்கள். வீலேன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அக்கா ஒரே வரியில் சொல்வார்: "ஒரே வீடு, தனித்தனி அடுப்பு." எல்லாருடைய சேதியும் ஒரே வயரில்தான் போகிறது. ஆனால் பால் தொட்டியின் வெப்பக் கருவிகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் மட்டும், கேமரா தனி, போன் தனி. ஒருவர் அடுப்பில் இன்னொருவர் கை வைக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். தொட்டிக்கு முப்பது, பெல்ட்டுக்கு இருபது, ஆபீஸுக்குப் பத்து.

இந்தப் பட்டியலை இருபத்து மூன்று சுவிட்சிலும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. மெயின் சுவிட்சில் ஒரு தடவை எழுதினால் போதும், மற்றவை கேட்டுத் தாங்களும் எழுதிக்கொள்ளும். பட்டியலில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் திருத்த எண் ஒன்று கூடும். ஒரே குழுப் பெயரும் ஒரே பாஸ்வேர்டும் உள்ள இரண்டு சுவிட்சுகள் சந்தித்தால் யாருடைய எண் பெரியதோ அவருடைய பட்டியலை மற்றது வாங்கிக்கொள்ளும், தன்னுடையதைத் தூக்கி எறிந்துவிடும். யார் சொல்வது சரி என்று பார்க்காது. யார் சொல்வது புதிது என்று மட்டும் பார்க்கும். எண் பெரிதாக இருந்தால் புதிது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த நியாயம்.

சுவிட்ச் அக்காவிடம் என்றால் வயர் இழுப்பது அவருடைய கொழுந்தன். ஆலையில் அவன் பெயர் ஏணி. ஆள் நெட்டை என்பது ஒரு காரணம், எப்போதும் ஏணி மேல் நிற்பான் என்பது இன்னொன்று. நாற்பத்தொரு வயது, வழுக்கை, ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியன். நிரந்தரமாக்கும் பட்டியல் வெள்ளிக்கிழமை வருவதாகப் பேச்சு. இந்த முறை அவன் பெயர் மேலாளர் மேஜைவரை போய்விட்டது. கையெழுத்துதான் பாக்கி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டு மாடிப்படியில் வைத்து ஏணியின் மனைவி, அக்காவின் ஓரகத்தி, வழியை மறித்தாள்.

"அக்கா, இந்தத் தடவையாவது இவரு பேரு இருக்குமா?"

"இருக்கும்."

"போன தடவையும் இருக்கும்னுதான் சொன்னாங்க."

"போன தடவை நான் சொல்லல. வேற யாரோ சொன்னாங்க."

"ஒன்பது வருசமா டெம்பரரியா இருக்கிற ஆளு உலகத்துலயே இவரு ஒருத்தருதான். எங்கம்மா வீட்டுல சொல்றதுக்கே கூச்சமா இருக்கு."

ஏணி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "உலகத்துலயே ஒருத்தன்னா அதுவும் ஒரு பெருமைதானே."

"இந்த வாய் இல்லேன்னா உங்களை என்னிக்கோ பர்மனென்ட் பண்ணியிருப்பாங்க."

அக்கா சிரித்துக்கொண்டே இறங்கினார். வெள்ளிக்கிழமை பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. வேலை தெரிந்தவனுக்கு வேலை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அவர் கட்சி.

அன்றைக்குப் புதிய பேக்கிங் கூடம் ஓட வேண்டும். அதற்கு ஒரு சுவிட்ச் தேவை. ஆர்டர் போட்டது வரவில்லை. மேலாளர் மூன்று நாளாகப் பிடுங்கி எடுக்கிறார். ஸ்டோர் ரூமில் அக்காவின் பழகு சுவிட்ச் சும்மாதான் கிடந்தது. முந்தின நாளே அதைத் தட்டித் துடைத்து, பழைய அமைப்பையெல்லாம் அழிக்கும் கட்டளையைக் கொடுத்து, அணைத்து மறுபடி போட்டிருந்தார். பிறந்த குழந்தை மாதிரி தன் பெயரே தெரியாமல் எழுந்தது. அக்காவுக்குத் திருப்தி. "கொண்டு போய் மாட்டு, மெயின் வயரைச் சொருகு" என்று ஏணியிடம் கொடுத்தனுப்பினார்.

காலை பத்து நாற்பதுக்கு ஏணி சொருகினான்.

ஆலையில் சத்தம் கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். குறைந்தால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான்கு பெல்ட்டும் ஒரே நேரத்தில் நின்றன. சுவிட்ச் அறையில் உட்கார்ந்திருந்த அக்காவின் கண் முன்னாலேயே பச்சை விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. வாசலில் எடை மேடை நின்றது, கேமரா நின்றது, போன் நின்றது. டேங்கர் ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

அக்கா பதறவில்லை. பதறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பது பெல்ட்டில் கற்றது. மெயின் சுவிட்சின் வீலேன் பட்டியலைத் திரையில் கொண்டுவந்தார். பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. மூன்றும் அவருக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள்.

அதற்குள் மேலாளர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"என்னம்மா இது? நாலு பெல்ட்டும் நின்னுபோச்சு. தொட்டியில எவ்வளவு டிகிரின்னு ஒண்ணுமே தெரியல. கேக்கலாம்னா போனும் செத்துக் கிடக்கு."

"போனும் இது வழியாத்தான் சார் போகுது."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "மாமியார்... ஓரகத்தி... வீட்டுக்காரர்... என்னம்மா இது, வைரஸா?"

"இல்ல சார். என் மாமியார்."

பழகும் காலத்தில் வீலேனுக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தது. புத்தகத்தில் இருந்த பெயர்கள் மனதில் நிற்கவில்லை. ஒரே வீட்டில் ஒன்றோடொன்று பேசக் கூடாதவை என்றதும் அவருக்குத் தோன்றிய பெயர்கள் இவைதான். இரண்டு வருடம் உருவாக்கி, அழித்து, உருவாக்கி, கடைசி நாளில் இந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்திருந்தார்.

என்ன நடந்தது என்று அக்காவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அழிக்கும் கட்டளை சுவிட்சின் மற்ற அமைப்பையெல்லாம் அழிக்கும். வீலேன் பட்டியலைத் தொடாது. அது தனிக் கோப்பு, தனியாக அழிக்க வேண்டும். பெட்டி தன் பெயரை மறந்தது, மாமியாரை மறக்கவில்லை. ஆலையின் மெயின் சுவிட்சில் இத்தனை வருடத்தில் ஐம்பத்தேழு திருத்தம்தான். பழகு சுவிட்சில் நானூற்றுப் பன்னிரண்டு. குழுப் பெயர் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று. சொருகியதும் நானூற்றுப் பன்னிரண்டு பேசியது, ஐம்பத்தேழு கைகட்டிக் கேட்டது, மற்ற இருபத்திரண்டும் பின்னாலேயே போயின. ஆலை படுத்துவிட்டது.

ஏணி ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, நான் சொருகினதும்தான்..."

"தெரியும். கழட்டினியா?"

"கழட்டிட்டேன். அப்பவும் வரல."

"வராது. சொல்ல வேண்டியதை அது சொல்லி முடிச்சிடுச்சு. நீ தொட்டி ரூம் வாசல்ல போய் நில்லு. விளக்கு வந்தா கத்து."

மேலாளர் செல்போனை எடுத்தார். "வெளி ஆளைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க சார். வர நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பால் பொறுத்துக்குமான்னு அவரையே கேட்டுக்குங்க."

மேலாளர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார்.

அக்கா தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். எந்தத் தாளையும் பார்க்கவில்லை. பதினான்கு எண்ணும் பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி தெரியும். மெயின் சுவிட்சில் முப்பது என்று உருவாக்கினார். திருத்த எண் நானூற்றுப் பதிமூன்று ஆனது. இப்போது மெயின் சுவிட்ச்தான் பெரிய எண். கெடுத்த வழியே சரிசெய்யவும் வழி: அது சொன்னதை மற்றவை கேட்டு எழுதிக்கொண்டன. எந்த வயர் எந்த எண்ணைச் சேர்ந்தது என்ற கணக்கு அந்தந்த சுவிட்சிலேயே பத்திரமாக இருந்தது. எண் திரும்பி வந்ததும் வயர்கள் உயிர் பெற்றன.

வராந்தாவின் கோடியிலிருந்து ஏணியின் குரல் வந்தது. "முப்பது வந்துருச்சு அண்ணி. நாலு டிகிரி காட்டுது. எல்லாத் தொட்டியும் நாலு."

"அடுத்து பெல்ட். பெல்ட் பக்கம் போ."

"ஆபீஸ்?" என்றார் மேலாளர்.

"கடைசி சார்."

"ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடணும்மா."

"பால் முதல்ல குளிரட்டும் சார். மெயில் கெட்டுப்போகாது."

பெல்ட், எடை மேடை, வாசல், போன், கேமரா என்று ஒவ்வொன்றாக எழுந்தன. மூன்று உறவினர்களையும் பட்டியலிலிருந்து நீக்கினார். அவர்களை நீக்குகிறபோது மட்டும் அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. பதினொன்று இரண்டுக்கு ஆபீஸும் வந்தது. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். ஒரு லிட்டர் பால்கூட வீணாகவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தலைமை அலுவலகம் அறிக்கை கேட்டது. இரண்டு மணிக்குள் வேண்டும்.

பன்னிரண்டரைக்கு மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு தாளை அக்காவிடம் நீட்டினார். ஐந்து வரி. தற்காலிகக் கேபிள் ஊழியரின் கவனக்குறைவால் தவறான இணைப்பு ஏற்பட்டு உற்பத்தி நின்றது, அந்த ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கீழே அக்காவின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அக்கா இரண்டு தடவை படித்தார்.

"சார், இது பொய்."

"பொய்யி கிய்யின்னு ஏன்மா பெரிய வார்த்தை? சொருகினது அவன்தானே?"

"சொருகச் சொன்னது நான். பெட்டியை அழிச்சது நான். முழுசா அழிஞ்சுதான்னு பார்க்காம விட்டது நான். இவன் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. சொன்ன வயரைச் சொன்ன இடத்துல சொருகினான்."

"கொழுந்தன்னு பேசறீங்க."

"கொழுந்தனா இல்லேன்னா இன்னும் சத்தமாப் பேசியிருப்பேன். நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் மெதுவாப் பேசறேன்."

மேலாளர் கெட்டவர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர். மேலே பதில் சொல்ல வேண்டியவர்கள் எப்போதும் கீழேதான் ஆள் தேடுவார்கள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பேரு மேல போச்சுன்னா சாவியை வாங்கிடுவாங்க. இந்த வயசுல திரும்ப பெல்ட்டுல போய் நிப்பீங்களா? அவன் டெம்பரரி. ஒரு வரியில முடிஞ்சுடும். விசாரணை கிடையாது, ஒண்ணும் கிடையாது. வேற இடம் பார்த்துக்குவான்."

ஏணி கதவோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி, விட்டுடுங்க. நான் வாங்கிக்கறேன். நீங்க இருந்தாத்தான் வீட்டுக்கு..."

"நீ சும்மா இரு தம்பி. உன் வயரை நீ ஒழுங்கா சொருகினே. என் தப்பை நான் சொருகிக்கிறேன்."

பிறகு மேலாளரைப் பார்த்துச் சொன்னார். "சார், நல்லது கெட்டதை விடுங்க. ஹெட் ஆபீஸுல நெட்வொர்க் தெரிஞ்ச ஒருத்தர் இருப்பாரு. இதைப் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. ஒரு வயரைத் தப்பா சொருகினா ஒரு பெல்ட் நிக்கும். இருபத்தி மூணு சுவிட்சும் எப்படிய்யா படுத்துச்சு? நீங்க என்ன சொல்லுவீங்க?"

மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அவன் ஏணியில தடுக்கி இருபத்தி மூணு மேலயும் விழுந்தான்னு சொல்லுவீங்களா?"

கதவோரத்தில் ஏணிக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமுவது மாதிரி நடித்தான். மேலாளர் அவனை முறைத்தார், பிறகு தாளைத் திருப்பிக் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

"இதில் கேபிள் ஊழியர் தவறு எதுவும் இல்லை. பழைய சுவிட்சை அழித்தவள் நான். அதன் வீலேன் கோப்பு அழியாமல் இருந்ததைக் கவனிக்காதவளும் நான். அதன் திருத்த எண் 412. நம்முடையது 57. அதனால் அதன் பட்டியல் எல்லாச் சுவிட்சிலும் பரவியது. இனி ஸ்டோரிலிருந்து வரும் எந்தச் சுவிட்சையும் அந்தக் கோப்பைத் தனியாக அழித்து, திருத்த எண் பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். இந்த விதியை ஆலையில் இதுவரை எழுதி வைக்காததும் என் பிழை." கீழே கையெழுத்து, பதவி, தேதி.

"இதையா அனுப்பச் சொல்றீங்க?" என்றார் மேலாளர்.

"அனுப்பாட்டி நான் அனுப்புவேன் சார். ஆபீஸ் மெயில் இப்ப வேலை செய்யுது."

மேலாளர் அனுப்பினார்.

மூன்றரை மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். பேசியவர் அங்கே நெட்வொர்க் பார்க்கும் பொறியாளர். மேலாளர் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பொறியாளர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நானூத்திப் பன்னெண்டா? அப்படி என்னம்மா பண்ணீங்க அந்தப் பெட்டியில?"

"படிச்சேன் சார்."

அவர் குரல் தணிந்தது. "நாங்க போன வருசம் இதே மாதிரி விழுந்தோம். எங்களுக்கு எழுந்திருக்க ஆறு மணி நேரம். காரணம் மின்தடைன்னு எழுதிக் குடுத்துட்டோம். சரி, அந்த விதியைத் தட்டச்சு பண்ணி எனக்கு அனுப்புங்க. எல்லா ஆலைக்கும் போடணும்."

விதியைக் கேட்டு வாங்கியவர் தண்டனையைத் தடுக்கவில்லை. மறுநாள் காலை அக்காவுக்கு மெமோ வந்தது. அந்த வருடப் பதவி உயர்வு கிடையாது, பணிப் பதிவேட்டில் எச்சரிக்கை ஏறும். சாவியை மட்டும் வாங்கவில்லை. வாங்கி யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அக்கா மெமோவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தவறு செய்தவர் பெயரில் தவறு இருப்பது ஒரு குறையாக அவருக்குப் படவில்லை. படியேறிப் போய் மேலாளரிடம் ஒன்றுதான் கேட்டார்.

"இதுல என் பேருக்கு நேரா எல்லாம் சரியா இருக்கு சார். வெள்ளிக்கிழமை லிஸ்டுல அவன் பேரு இருக்கா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல சார். சம்பந்தம் இல்லேன்னு உங்க வாயால கேக்கத்தான் வந்தேன்."

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். ஏணியின் பெயர் ஏழாவதாக இருந்தது. அவன் மூன்று தடவை படித்தான். நாலாவது தடவை பக்கத்தில் நின்றவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டான்.

திங்கட்கிழமை காலை அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு சுவிட்சாகப் போய், இனி மற்றவர் சொல்வதைக் கேட்டுத் தன் பட்டியலை மாற்றாதே என்று அமைப்பை மாற்ற வேண்டும். இனிமேல் எந்தச் சுவிட்சும் எதற்கும் பின்னால் போகாது. அதது தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். முதல் சுவிட்ச் குளிர்சாதன அறையின் கூரைக்குக் கீழே இருந்தது. ஏணி மேலே ஏறி வயரை இறக்கிக் கொடுத்தான்.

"அப்போ புதுசா ஒரு வீலேன் வேணும்னா என்ன பண்றது அண்ணி?"

"ஒவ்வொண்ணுலயும் போய் எழுதணும்."

"இருபத்தி மூணுலயுமா?"

"இருபத்தி நாலு. புதுக் கூடத்தை விட்டுட்டே."

"ஒவ்வொரு தடவையுமா? இது என்ன அநியாயம் அண்ணி. அதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆகட்டும். நீதான் பர்மனென்ட் ஆயிட்டியே, எங்க போகப் போறே. அடுத்த வயரை இறக்கு."